தலை வெட்டுப்பட்ட முனியும் நம்ம ஊர்ச் சிலைகளும்

"நம்ம சேலத்தைப் பத்தி ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். மாம்பழம், வெள்ளிக் கொலுசு, இரும்பாலை, மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு என்று எல்லாவற்றையும் நம்மவர்கள் ஏற்கனவே சுவையாக எழுதிவிட்டார்கள். மிச்சம் என்ன என்று யோசித்தபோது ஒன்று தோன்றியது. தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறோம், ஆனால் நின்று யோசிப்பதில்லை. அதுதான் சிலை.

இந்தக் கல்லூரியில் வரலாறு படித்து, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் பையன்கள் அடிக்கடி கேட்ட கேள்வி இது: "சார், கல்லுதானே? அதுக்கு ஏன் சார் இவ்வளவு சண்டை?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நம் சேலத்துக்குள்ளேயே, கோட்டை ரோட்டில், ஒரு சிலை உட்கார்ந்திருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போய்விட்டு வருவோம்.

நட்ட கல்லும் பேசும்

தமிழனுக்குச் சிலை வைக்கும் வழக்கம் நேற்று வந்ததல்ல. போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகப் பிரித்தே சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பதில் ஆரம்பித்து, அதை நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கல்லைச் செதுக்குவதோடு வேலை முடிவதில்லை. படையலும் வாழ்த்தும் சேர்ந்தால்தான் அது நடுகல். அதாவது பாதி வேலை சிற்பியுடையது, மீதிப் பாதி ஊருடையது.

நம் பக்கத்து ஆளான தகடூர் அதியமானுக்கும் நடுகல் நட்டார்கள். அந்தத் தகடூர்தான் தருமபுரி. 1965 வரைக்கும் அது நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த நடுகல்லுக்குக் கள் படைப்பதைப் பார்த்து ஔவையார் மனம் உடைந்து பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டாக இருக்கிறது. கல்லைப் பார்த்து அழுத முதல் ஆள் நாமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் நூற்றுக்கணக்கில் நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. மாடு பிடிச் சண்டையில் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று பலபேர். செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு கல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. வீரன் பக்கத்தில் அவன் வளர்த்த நாயும் நிற்கிறது. அதன் பேர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நாயின் பேர் நமக்குத் தெரிகிறது!

ஆனால் எல்லாக் கல்லுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. எழுத்து தேய்ந்து, வழிமுறை மாறி, யாருக்காக நட்டார்கள் என்பது மறந்துபோன கற்கள் ஏராளம். அப்போது ஊர் என்ன செய்தது தெரியுமா? கல்லைத் தூக்கி எறியவில்லை. வேறு பேர் வைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் பல நடுகற்கள் இன்றைக்கு "வேடியப்பன்" என்ற சாமி. பழைய பேர் போனது, படையல் நின்றபாடில்லை. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு வருவோம்.

முனியப்பன் சீமை

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்கு முனியப்பனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய மீசை, உருட்டிய கண், கையில் அருவாள், ஆள் உயரத்துக்கு மேல் உட்கார்ந்த கோலம். வெண்ணங்கொடி முனியப்பன் தொடங்கி, ஏரிக்கரைக்கு ஒருவர், எல்லைக்கு ஒருவர் என்று இருப்பார். புது லாரி எடுத்தால் முதலில் அவர் முன்னால்தான் நிறுத்த வேண்டும். பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சுருட்டும் படைப்பார்கள். எங்க அப்பாயி ராசிபுரம் பஸ்ஸில் போகும்போது முனியப்பன் கோயில் வந்தால், பேசிக்கொண்டிருக்கிற பேச்சைப் பாதியில் நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கோயில் தாண்டினதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு அது ஊர்ப் பெரியவருக்கு வைக்கும் கும்பிடு மாதிரி.

நாமக்கல் பக்கம் போனால் சிலையின் இன்னொரு முகம். மலையைக் குடைந்து எடுத்த நரசிம்மர் குகைக்கோயில் எட்டாம் நூற்றாண்டு வேலை, அதியர் வழி அரசர்கள் எடுத்தது. அந்த நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி வெட்டவெளியில் நிற்கிறார் 18 அடி ஆஞ்சநேயர். மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் தலையில்தான். அனுமன் ஜெயந்திக்கு 1,00,008 வடை மாலை. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகிப் போனாலும், சேலத்துக்காரன் அந்த ஆஞ்சநேயரை விட்டுக் கொடுத்துவிட்டானா என்ன? கல் ஓர் இடத்தில் நிற்கிறது. உரிமை கொண்டாடுகிறவர்கள் நாலா பக்கமும் இருக்கிறார்கள்.

கோட்டை ரோட்டில் இருப்பவர் யார்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். சேலம் கோட்டை ரோட்டில் பெரியேரிப் பகுதியில் "தலைவெட்டி முனியப்பன்" கோயில் இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருந்த கோயில். தலை தனியாக, உடல் தனியாக வெட்டுப்பட்டு, பிறகு ஒட்டப்பட்ட சிலை என்பதால் அந்தப் பேர். வெட்டினவன் பேர் அதில் இல்லை. வெட்டு மட்டும் பேராக நிற்கிறது.

"இது முனியப்பன் அல்ல, புத்தர்" என்று சேலத்தைச் சேர்ந்த புத்த அறக்கட்டளை ஒன்று 2011இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் தொல்லியல் துறையை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. வல்லுநர்கள் போய்ப் பார்த்தார்கள். கடினமான கல்லில் செய்த உருவம். தாமரைப் பீடத்தின் மேல் அர்த்த பத்மாசனத்தில் உட்கார்ந்த நிலை. கைகள் தியான முத்திரையில். சுருள் சுருளான முடி, உச்சியில் ஞானத்தின் அடையாளமான முடிப்பு, நீண்டு தொங்கும் காது மடல்கள். வெட்டுப்பட்ட தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்துச் சரியில்லாமல் ஒட்டியிருந்ததையும் கண்டார்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்து, இது புத்தர்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பல காலமாக மக்கள் தலைவெட்டி முனியப்பன் என்றுதான் கும்பிட்டு வருகிறார்கள், ஆகவே கோயில் எங்களிடமே இருக்கட்டும் என்றது அறநிலையத் துறை. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தார். சிலை புத்தருடையது என்று உறுதியான பிறகு தவறான அடையாளம் தொடரக் கூடாது. இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும். மக்கள் வந்து பார்க்கலாம், பூசை முதலிய சடங்குகள் கூடாது. சுருக்கமாக இதுதான் தீர்ப்பு.

நம் பழைய மாணவர்கள் கூடின இடத்திலெல்லாம் அப்போது இதே பேச்சு. ஒருபக்கம், "எத்தனையோ காலமா மறைச்சு வெச்ச உண்மை வெளிய வந்துருச்சு" என்று கண் கலங்கியவர்கள். இன்னொரு பக்கம், "எங்க பாட்டன் காலத்துலருந்து கும்பிடற சாமிங்க, இன்னிக்கு வந்து கும்பிடாதேன்னா எப்படி?" என்று கலங்கியவர்கள். இரண்டு கண்ணீருமே நிஜம் என்பதுதான் எனக்குப் பட்டது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

மறந்ததும் காத்ததும்

புத்தர் எப்படி முனியப்பன் ஆனார்? மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட "பௌத்தமும் தமிழும்" என்ற நூலில், பௌத்தம் தமிழ்நாட்டில் மங்கியபோது அதன் கோயில்கள் பல கிராம தெய்வங்களின் கோயில்களாக மாறின என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். புத்தருக்கே சாக்கிய முனி என்று ஒரு பேர் உண்டு. முனியப்பன் என்ற பேருக்குள் அந்த முனி ஒளிந்திருக்கிறாரோ என்று கேட்கத் தோன்றும். அதற்காக எல்லை காக்கும் முனியப்பன் எல்லோரும் புத்தர்தான் என்று கிளம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கோட்டை ரோட்டுச் சிலைக்கு அப்படிப் பார்த்துச் சொல்லியாயிற்று.

ஆக, அது புத்தர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரலாறு படித்தவன் முதலில் உண்மை பக்கம்தான் நிற்க வேண்டும். முனியப்பன் என்றாலே கிடாவும் சுருட்டும் நினைவுக்கு வரும். அங்கே உட்கார்ந்திருப்பவரோ கொல்லாமையைச் சொன்னவர். அவரை அவர் பேரால் கூப்பிடுவது நாம் அவருக்குப் பட்ட கடன். அந்தப் பேர் திரும்புவது, சமத்துவம் தேடிப் பௌத்தத்துக்குப் போன மக்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். 1956இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதிலிருந்து, அவர்களுக்குப் புத்தர் சிலை அழகான பழங்கலை மட்டுமல்ல, சுயமரியாதையின் உருவம். அந்த உருவத்தின் தலை வெட்டுப்பட்டு, வேறு பேரில் கிடந்ததைப் பார்த்தால் வலிக்காதா?

ஆனால் நான் சொல்ல வந்தது இதோடு முடியவில்லை. தலை போன சிலை ஒன்றை நம் நாட்டில் சாதாரணமாக என்ன செய்வார்கள்? பின்னமான சிலைக்குப் பூசை கிடையாது என்று சொல்லிக் குளத்தில் போடுவார்கள். இல்லையென்றால் துணி துவைக்கும் கல்லாகும், வீட்டு வாசப்படியாகும். கோட்டை ரோட்டுச் சிலைக்கு அந்தக் கதி வரவில்லை. ஏன்? யாரோ சாதாரண ஜனங்கள், யாரென்று தெரியாமலே அதற்கு ஒரு பேர் வைத்தார்கள். விழுந்த தலையை எடுத்து ஒட்டினார்கள். ஒட்டத் தெரியாமல்தான் ஒட்டினார்கள், தொல்லியல் துறை சொல்வது சரி. ஆனால் அந்தக் கோணல் ஒட்டுக்குள் இருக்கும் பிரியத்தை எந்த அறிக்கையில் எழுதுவது? அவர்கள் விளக்கேற்றி, எண்ணெய் ஊற்றி, மாலை போட்டு வைத்திருந்ததால்தான் அது அந்த இடத்தில் இருந்தது. இருந்ததால்தான் இன்றைக்கு அது புத்தர் என்று நிரூபிக்க முடிந்தது. பேர் தெரியாமல் கும்பிட்டவர்களும் அந்தச் சிலையின் வரலாற்றில் ஒரு பக்கம்தான்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. தலைவாசல் பக்கம் தியாகனூரில் அமர்ந்த கோலத்தில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் புத்தர் என்று தெரிந்தே அவற்றை வணங்குகிறார்கள். உண்மைப் பேரும் பூவும் விளக்கும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி. பார்க்காத மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இறக்க வேண்டிய சிலையும் உண்டு

"எல்லாச் சிலையையும் காப்பாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்கலாம். இல்லை. இதற்கும் ஒரு சேலத்துச் சம்பந்தம் இருக்கிறது.

1857 புரட்சியின்போது அலகாபாத், கான்பூர் பக்கம் இந்தியர்களைக் கொடூரமாகத் தண்டித்தவன் கர்னல் நீல். லக்னோவில் செத்துப்போன அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை வைத்தார்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு அவன் வீரன், நமக்குக் கொலைகாரன். ஒரே சிலை, பார்க்கிறவர் கண்ணில் இரண்டு ஆள். 1927இல் அந்தச் சிலையை அகற்றக் கோரி சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் அணி அணியாகப் போய்ச் சிறைப்பட்டார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார் என்றால் அந்த உணர்ச்சியை யோசித்துப் பாருங்கள். அப்போதும் சிலை அசையவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1937இல், சென்னை மாகாணத்தின் பிரதமரானார் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த நம்ம ராஜாஜிதான். அவர் ஆட்சியில் நீல் சிலை ரோட்டை விட்டுக் கிளம்பி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உடைக்கவில்லை, உருக்கவில்லை. மரியாதை செய்யும் இடத்திலிருந்து தகவல் சொல்லும் இடத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். 2020இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மக்கள் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையைத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். பிறகு அதை எடுத்து, பூசிய பெயிண்டோடு படுத்த நிலையிலேயே அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நம் ஊரில் 83 வருஷத்துக்கு முன்பே அந்த வழி தெரிந்திருக்கிறது.

நீலை மியூசியத்துக்கு அனுப்பியபோது அவனுக்காக எந்தத் தாயும் அழவில்லை. ஏனென்றால் அந்தச் சிலையை ஊர் ஒருநாளும் தன்னுடையது என்று ஏற்கவே இல்லை. பெரும்படையும் வாழ்த்தும் இல்லாத கல் அது. கோட்டை ரோட்டுச் சிலை அப்படி அல்ல. அங்கே பேரை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் நீலுக்குச் செய்ததைப் போல வெறும் காட்சிப் பொருளாக்கிவிட்டால், அந்த ஜனங்களின் பங்கு அழிந்துபோகும்.

கூண்டுக்குள் தலைவர்கள்

இன்றைய நிலையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலை கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. விடுதலைக்காக வாழ்நாள் முழுக்கப் போராடியவரைக் கம்பிக்குள் பார்ப்பது எவ்வளவு பெரிய வேதனை! மற்ற தலைவர்களுக்கும் பல இடங்களில் இதே கதிதான். ராத்திரி யாரோ ஒருவன் சிலை மேல் கை வைத்தால், விடிந்ததும் பஸ் ஓடாது. கையை உடைத்தது கல்லுக்குத்தான், ஆனால் வலி ஒரு தெருவுக்கே. "நீ யாரும் இல்லை" என்று அந்தத் தெருவுக்குச் சொல்லத்தான் அவன் சிலையை உடைக்கிறான். அது அவனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். பொது ரோடுகளில் புதிதாகச் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது போக்குவரத்துக்கு நல்லதுதான். ஆனால் ஏற்கனவே நிற்கும் சிலைகளின் கூண்டைத் திறக்கும் சாவி நீதிமன்றத்தில் இல்லை. அது ஊருக்குள்தான் இருக்கிறது.

என் வேண்டுகோள்

கோட்டை ரோட்டுக்குத் திரும்புகிறேன். அங்கே வைக்கும் பலகையில் "புத்தர் சிலை" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி வேண்டும் என்பதே இந்தப் பழைய வாத்தியாரின் ஆசை: இந்தச் சிலையின் தலை ஒரு காலத்தில் வெட்டப்பட்டது. இவர் யாரென்ற நினைவு மறைந்தது. அப்போதும் இவ்வூர் மக்கள் இவரைக் கைவிடாமல், தலையை ஒட்டி, தலைவெட்டி முனியப்பன் என்று பேரிட்டு வணங்கிக் காத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

வெட்டினதை மறைத்தால் அது பாதி உண்மை. காத்ததை மறைத்தால் அதுவும் பாதி உண்மைதான். இரண்டையும் எழுதினால், புத்தரைத் தேடி வருகிறவரும் முனியப்பனைத் தேடி வருகிறவரும் ஒரே பலகையின் முன்னால் நின்று, ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் ஊரில் ஒரு கல்லோ சிலையோ கட்டாயம் இருக்கும். அது ஏரிக்கரையிலோ, வேப்ப மரத்தடியிலோ, முச்சந்தியிலோ இருக்கலாம். அதற்கு இப்போது என்ன பேர், தாத்தா காலத்தில் என்ன பேர், யார் விளக்கு வைக்கிறார்கள், யாரைப் பக்கத்தில் விடுவதில்லை என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுத்து இருந்தால் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். எழுதி வைத்ததால்தானே கோவிவன் என்ற நாயின் பேர் கூட நமக்குக் கிடைத்தது. எழுதாமல் விட்டதால்தானே புத்தருக்கே வழக்குப் போட வேண்டி வந்தது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!